வலைப்பதிவுகளை வேர்டு கோப்புகளாகச் சேமித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணையத்தில் எழுதியதை வீட்டுக் கணினியில் வேர்டு கோப்பாகவும் வைத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கான பக்கம் இது. பிளாக்கர், வேர்ட்பிரஸ் இரண்டிலும் எழுதுகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். வேர்டு என்று வரும் இடத்தில் லிப்ரே ஆபீஸ் ரைட்டர் என்றோ கூகுள் டாக்ஸ் என்றோ வாசித்துக்கொள்ளலாம். வித்தியாசம் இருக்கும் இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

எல்லாம்தான் நெட்டில் பத்திரமாக இருக்கிறதே, எதற்கு இந்த வேலை?

ஜியோசிட்டீஸில் பக்கம் வைத்திருந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். யாஹூ அதை 2009 அக்டோபரில் மூடியது. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் லைவ் ஸ்பேசஸ் 2011 மார்ச்சில் போனது. போஸ்டரஸ் 2013 ஏப்ரல் 30-ல், கூகுள் ப்ளஸ் 2019 ஏப்ரல் 2-ல். டைப்பேட் 2003-லிருந்து ஓடிக்கொண்டிருந்த தளம். 2025 ஆகஸ்ட் கடைசியில் அறிவிப்பு விட்டார்கள், செப்டம்பர் 30-ல் மூடிவிட்டார்கள். இருபது வருடம் எழுதியதை அள்ளிக்கொண்டு போகக் கிடைத்தது ஒரு மாதம்.

தளம் மூடித்தான் பதிவு தொலைய வேண்டும் என்பதும் இல்லை. கடவுச்சொல் மறந்திருக்கும், மீட்பதற்குக் கொடுத்த கைபேசி எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கும். டொமைனுக்குப் பணம் கட்டும் தேதி தவறிப்போகும். இரண்டு ஆண்டுகள் தொடாமல் கிடக்கும் கணக்குகளை அழிக்கலாம் என்று பிளாக்கரை நடத்தும் கூகுளே 2023-ல் விதியை மாற்றியது. எழுதுவதை நிறுத்தி அந்த மின்னஞ்சலையும் கைவிட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் அடிக்கடி வரும். 2008, 2009 இரண்டு ஆண்டுப் பதிவுகளை அப்பாவுக்காக வேர்டில் ஒட்டி, ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்தேன். அவருக்கும் கணினிக்கும் ஒத்துவராது. அப்புறம் 2011-ல் சொந்த டொமைன் ஆசை வந்தது. ஒரு சிறிய ஹோஸ்டிங் நிறுவனத்தில் இடம் வாங்கி எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோனேன். பழைய வலைப்பதிவை நானே அழித்தும்விட்டேன். மூன்றாம் வருடம் அந்த நிறுவனம் போனை எடுப்பதை நிறுத்தியது, ஒரு நாள் தளமும் நின்றது. அவர்கள் கடைசியாக அனுப்பியிருந்த பேக்கப் பாதியில் அறுந்திருந்தது. அந்த இரண்டு ஆண்டுகளில் எழுதியதில் என் கையில் மிஞ்சியது அப்பாவுக்காகச் செய்த வேர்டு கோப்புதான். அதையும் நான் ஒழுங்காகச் செய்திருக்கவில்லை.

பிளாக்கரிலிருந்து எக்ஸ்எம்எல் கோப்பு எடுத்து வைத்திருக்கிறேன். அது போதாதா?

வலைப்பதிவு முழுவதையும் ஒன்றாக இறக்கித் தரும் அந்த ஏற்றுமதிக் கோப்பு கட்டாயம் வேண்டும், எடுத்ததை அழிக்காதீர்கள். பதிவு, தேதி, குறிச்சொல், பின்னூட்டம், வெளியிடாமல் வரைவில் கிடப்பவை எல்லாம் அதில் இருக்கும். நாளைக்கு வேறொரு வலைப்பதிவில் ஏற்ற வேண்டுமென்றால் அந்தக் கோப்புதான் கைகொடுக்கும்.

ஆனால் அது இயந்திரம் படிப்பதற்கானது. ஒரு தடவை திறந்து பாருங்கள். கோணக் குறிகளுக்கு நடுவே அங்கங்கே தமிழ் எட்டிப்பார்க்கும், அவ்வளவுதான். 2012-ல் மதுரைப் பயணத்தைப் பற்றி எழுதியதை ஒரு பத்திரிகை கேட்கிறது என்றால் அந்தக் கோப்பைத் திறந்து தேட மாட்டீர்கள். வீட்டில் மற்றவர்கள் அது என்ன கோப்பு என்றுகூடத் தெரியாமல் அழித்துவிடுவார்கள். வேர்டு கோப்பு என்றால் யாரும் இரண்டு முறை தட்டித் திறந்து பார்ப்பார்கள்.

இன்னொன்று, எக்ஸ்எம்எல் கோப்பில் படங்கள் இல்லை. படம் இருக்கும் இடத்தின் முகவரிதான் இருக்கும். வேர்ட்பிரஸ் ஏற்றுமதிக் கோப்பும் அப்படித்தான். தளம் போனால் அந்த முகவரியும் போகும்.

பிடிஎஃப்பாக வைத்தால் எழுத்து மாறாதே, அதுதானே நல்லது?

பார்க்க நல்லது, திரும்ப எடுக்கக் கெட்டது. தமிழில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு பிடிஎஃப்பிலிருந்து ‘கொடுத்தேன்’ என்ற சொல்லை காப்பி எடுத்து வேறெங்காவது ஒட்டிப் பாருங்கள். ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், ‘க’ ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக, நடுவில் புள்ளி வட்டத்தோடு வந்து விழும். பிடிஎஃப் பெரும்பாலும் எழுத்தின் வடிவத்தையும் அது தாளில் நிற்கும் இடத்தையும்தான் நினைவில் வைத்திருக்கும். கொம்பு முன்னால் வரைகிற மொழிகளுக்கு அது சரிப்படாது. ஒரு பக்கக் கட்டுரையைச் சரிசெய்வதற்குள் திரும்பத் தட்டச்சு செய்துவிடலாம். அச்சுக்குக் கொடுக்க பிடிஎஃப் எடுங்கள், சேமிப்புக்கு வேண்டாம்.

சரி, எப்படி எடுப்பது? ஒவ்வொரு பதிவாகத் திறந்து ஒட்ட வேண்டுமா?

பிளாக்கரில் ஒவ்வொன்றாகப் போக வேண்டியதில்லை. வலைப்பதிவின் முகவரிக்குப் பின்னால் சாய்கோடு, ஆண்டு, சாய்கோடு, மாதம் போட்டால் அந்த மாதப் பதிவுகள் வரிசையாக வரும். 2009/03 என்று போட்டால் மார்ச் மாதம். அதிகம் எழுதிய மாதம் ஒரே பக்கத்தில் அடங்காது, கீழே ‘பழைய இடுகைகள்’ என்பதைத் தட்டி மீதியை எடுக்க வேண்டியிருக்கும். எப்படியும் ஓர் ஆண்டு பத்துப் பன்னிரண்டு தடவை காப்பி பேஸ்ட் செய்வதில் முடிந்துவிடும். வேர்ட்பிரஸிலும் முகவரியில் ஆண்டும் மாதமும் போட்டால் பெரும்பாலும் வரும். சில வார்ப்புருக்கள் (டெம்ப்ளேட்) பட்டியலில் முதல் நாலு வரியை மட்டும் காட்டும். அப்படியிருந்தால் அமைப்பில் போய் முழுப் பதிவையும் காட்டும்படி கொஞ்ச நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எளிமையான வேறு வார்ப்புருவுக்குப் போங்கள்.

இந்த வழியில் வரைவுகள் வராது. எனக்குத் தெரிந்த பதிவர்கள் எல்லோரிடமும் முடிக்காத பதிவுகள் இருபதாவது கிடக்கின்றன. அவற்றைத் தனியாகத் திறந்து எடுத்து ‘வரைவுகள்’ என்று ஒரு கோப்பில் போட்டுவிடுங்கள்.

முதலில் ஒரே ஒரு மாதத்தைச் செய்து பாருங்கள். ஒட்டுவதில் என்ன தகராறு வருகிறது என்று அதில் தெரிந்துவிடும். பத்து வருடத்தையும் ஒட்டி முடித்த பிறகு, எல்லாவற்றிலும் படம் வரவில்லை என்று கண்டுபிடிப்பது கொடுமை.

ஒட்டினால் பின்னணி நிறம், கட்டம், பக்கப்பட்டை எல்லாம் சேர்ந்து வருகிறதே?

மவுஸின் வலப்பக்கப் பொத்தானைத் தட்டினால் ஒட்டும் வழிகள் மூன்று காட்டும். மூலத்தில் இருந்தபடியே ஒட்டுவது ஒன்று, நம் கோப்பின் வடிவத்தோடு கலந்து ஒட்டுவது ஒன்று, வெறும் எழுத்தை மட்டும் ஒட்டுவது ஒன்று. நடுவில் இருப்பதைத்தான் நான் பயன்படுத்துகிறேன். தடித்த எழுத்தும் சுட்டியும் தங்கும், கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து என்று 2007-ல் நாம் செய்த அலங்காரமெல்லாம் போய்விடும். போகட்டும். வார்ப்புருவின் அழகை வேர்டில் காப்பாற்ற நினைத்தால் வேலை முடியாது.

சொற்கள் வந்து சேர்ந்தபின் மூன்று விஷயங்களைக் கையால் செய்யுங்கள். பதிவின் தலைப்பு வரியில் நின்று கன்ட்ரோல், ஆல்ட், 1 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது முதல்நிலைத் தலைப்பாகிவிடும். வேர்டில் இடப்பக்கம் வழிகாட்டிப் பலகையைத் திறந்தால் எல்லாத் தலைப்புகளும் பட்டியலாக நிற்கும், தட்டினால் அந்தப் பதிவுக்கே போகும். பொருளடக்கம் வேண்டுமென்றால் அதுவும் இந்தத் தலைப்புகளிலிருந்தே தானாக வரும். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் மட்டும் அது தலைப்பாகாது. என் பழைய கோப்பில் அப்படித்தான் செய்திருந்தேன், நூறு தலைப்புகளைத் திரும்பத் தொட வேண்டியதாயிற்று.

இரண்டாவது தேதி. தலைப்புக்குக் கீழே வெளியான நாளை எழுதுங்கள். ‘நேற்று பெய்த மழையில்’ என்று தொடங்கும் பதிவு ஒன்று என்னிடம் இருக்கிறது. எந்த ஆண்டு மழை என்று எனக்கே தெரியாது. மூன்றாவது, பதிவின் முகவரி. தளம் உயிரோடு இல்லாவிட்டாலும் அந்த முகவரி பயன்படும், எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன்.

படங்கள் வேர்டில் தெரிகின்றன. அப்படியென்றால் சேமிப்பாகிவிட்டது என்றுதானே அர்த்தம்?

அப்படிச் சொல்ல முடியாது. வலைப்பக்கத்திலிருந்து ஒட்டும்போது சில சமயம் படம் கோப்புக்குள் வராமல், அது இருக்கும் முகவரி மட்டும் வரும். நெட் இருக்கிற வரை படம் தெரியும். அப்பாவின் பிரதியை பிரின்ட் எடுத்த ஜெராக்ஸ் கடைக் கணினியில் நெட் இல்லை. முப்பத்தேழு படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தேழு கட்டங்கள், ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு பெருக்கல் குறி. கடைக்காரர் அதையும் சேர்த்துத்தான் பக்கக் கணக்குப் போட்டார்.

சோதிப்பது எளிது. கோப்பைச் சேமித்துவிட்டு அதன் பிரதி ஒன்றை எடுத்து, பெயரின் கடைசியில் உள்ள டாக்ஸ் (docx) என்ற பின்னொட்டை ஜிப் (zip) என்று மாற்றுங்கள். டாக்ஸ் கோப்பு என்பதே உள்ளுக்குள் ஒரு ஜிப் பொட்டலம்தான். அதைத் திறந்தால் ‘வேர்ட்’ என்ற ஃபோல்டர், அதற்குள் ‘மீடியா’ என்ற ஃபோல்டர். உங்கள் படங்கள் அங்கே வரிசையாக உட்கார்ந்திருந்தால் நிம்மதி. அந்த ஃபோல்டரே இல்லையென்றால் படம் எதுவும் உள்ளே வரவில்லை. இந்த வழியில் மொத்தப் படங்களையும் ஒரே அடியில் வெளியே எடுக்கலாம் என்பது கூடுதல் வசதி.

உள்ளே வராத படங்களைக் கொண்டுவர, வேர்டில் ஃபைல் பட்டியலில் தகவல் பக்கத்துக்குப் போனால் வலது கீழ் மூலையில் கோப்புகளுக்கான இணைப்புகளைத் திருத்தும் வசதி இருக்கும். இணைப்பு எதுவும் இல்லாத கோப்பில் அது தென்படாது. அங்கே எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, படத்தை ஆவணத்தில் சேமி என்பதைக் குறித்து, இணைப்பைத் துண்டியுங்கள். லிப்ரே ஆபீஸில் எடிட் பட்டியலில் வெளியிணைப்புகள் என்ற இடத்தில் இதே வேலையைச் செய்யலாம்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்9 அழுத்தினால் போதும் என்று ஒரு குறுக்குவழி சொல்வார்கள். முழுக் கோப்பையும் தேர்ந்தெடுத்துவிட்டு அதை அழுத்தாதீர்கள். அது எல்லாப் புலங்களையும் (ஃபீல்டு) வெறும் எழுத்தாக்கிவிடும், சுட்டிகளும் புலங்கள்தான். ‘இங்கே படியுங்கள்’ என்று நீங்கள் சுட்டியிருந்த இடத்தில் அந்தச் சொற்கள் மட்டும் மிஞ்சும், முகவரி போய்விடும்.

பிளாக்கர் படங்களில் இன்னொரு விஷயம் உண்டு. பக்கத்தில் தெரிவது பெரும்பாலும் சிறிய அளவு. படத்தின் முகவரிக்குள் எஸ் எழுத்தும் 320 என்ற எண்ணும் சேர்ந்து ஓரிடத்தில் நிற்கும். அந்த எண்ணை 1600 என்று மாற்றித் திறந்தால் பெரிய படம் கிடைக்கும். குடும்பப் படம், இனி எடுக்கவே முடியாத ஊர்ப் படம் போன்றவற்றுக்கு இந்தச் சிரமம் தகும். கூகுளில் தேடி எடுத்துப் போட்ட ரோஜாப்பூப் படத்துக்கு வேண்டாம்.

எழுத்துருவை மாற்றினால் ஆங்கிலம் மாறுகிறது, தமிழ் அசையமாட்டேன் என்கிறது. ஏன்?

வேர்டின் கணக்கில் தமிழ் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்’ வகையைச் சேர்ந்தது. ஒவ்வொரு பாணிக்கும் (ஸ்டைல்) ஆங்கிலத்துக்கு ஓர் எழுத்துரு, தமிழ் மாதிரி மொழிகளுக்கு ஓர் எழுத்துரு என்று இரண்டு இருக்கும், அளவும் இரண்டு. பாணியைத் திருத்தும்போது மேலே தெரியும் பெட்டி முதலாவதை மட்டும் மாற்றும். கன்ட்ரோல், டி அழுத்தி எழுத்துருப் பெட்டியைத் திறந்தால் காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்டுக்கு என்று தனிக் கட்டம் இருக்கும். அந்தக் கட்டமே தெரியாவிட்டால் ஆபீஸின் மொழி அமைப்பில் தமிழைச் சேருங்கள், வந்துவிடும். லிப்ரே ஆபீஸில் இதற்கு சிடிஎல் என்று பெயர், மொழி அமைப்பில் அதை இயக்க வேண்டும்.

எந்த எழுத்துரு என்று கேட்டால், விண்டோஸ் 8-லிருந்து உள்ள நிர்மலாவோ, இலவசமாகக் கிடைக்கும் நோட்டோவோ போதும். எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியாக்கமான யுனிகோடில் இருக்கிற வரை எழுத்துரு மாறினாலும் எழுத்து அழியாது.

2003-ல் எழுதியவை பாமினியிலும் திஸ்கியிலும் இருக்கின்றன. அப்படியே வேர்டில் வைக்கலாமா?

இரண்டும் யுனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்து முறைகள். அப்படியே வைத்தால் பத்து வருடம் கழித்துத் திறப்பவர் அதைக் குப்பை என்று நினைப்பார். பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்ற நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். அந்தக் கோப்புக்குள் இருப்பது உண்மையில் அந்த ஐந்து குறிகள்தான். அவற்றுக்குத் தமிழ் முகமூடி போட்டது எழுத்துரு.

சுரதா, என்எச்எம் போன்ற மாற்றிகளில் ஒன்றில் கொடுத்து யுனிகோடாக்கி, அப்புறம் வேர்டில் வையுங்கள். பாமினிப் பதிவின் நடுவே ஆங்கிலச் சொல் இருந்தால் மாற்றி அதையும் தமிழாக்கித் தரும், படித்துப் பார்த்துத் திருத்த வேண்டும். பழைய வடிவத்திலேயே ஒரு பிரதியைத் தனியாக விட்டுவையுங்கள். எந்தக் குறியாக்கம் என்பதைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள், ‘பாமினி’ என்று ஒரு சொல் போதும்.

பதிவுக்கு ஒரு கோப்பா, எல்லாம் ஒரே கோப்பா?

ஆண்டுக்கு ஒன்று. ஆயிரம் கோப்பு இருந்தால் திறக்க மனம் வராது. ஒரே கோப்பாக இருந்தால் படங்களோடு சேர்ந்து பெருத்து, திறப்பதற்குள் காபி ஆறிவிடும், அது கெட்டால் எல்லாமே கெடும். கூகுள் டாக்ஸில் ஓர் ஆவணத்துக்கு 10 லட்சத்து 20 ஆயிரம் எழுத்து என்று உச்சவரம்பும் உண்டு. தமிழில் கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும் என்பதால் நினைப்பதைவிட முன்னாலேயே அதைத் தொட்டுவிடுவோம். தொடர் எழுதியிருந்தால் அதற்கு மட்டும் தனிக் கோப்பு வைக்கலாம்.

பெயரில் ஆண்டு முதலில் வரட்டும், வரிசை தானாக அமையும். ‘புதிது’, ‘கடைசி’, ‘உண்மையான கடைசி’ என்றெல்லாம் பெயர் வைக்காதீர்கள். சிரிக்க வேண்டாம், என் கணினியில் மூன்றும் இருக்கின்றன.

பின்னூட்டங்களையும் எடுக்க வேண்டுமா?

மாதப் பக்கத்திலிருந்து ஒட்டும்போது அவை வராது, ஒவ்வொரு பதிவாகத்தான் திறக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தேவையில்லை. ‘அருமை’, ‘மீ த ஃபர்ஸ்ட்டு’, சிரிப்புக் குறி, இவற்றைச் சேமித்து என்ன செய்யப்போகிறோம்? ஆனால் 2006 முதல் 2010 வரை தமிழ்ப் பதிவுகளில் நடந்த சில விவாதங்கள் பதிவைவிடப் பின்னூட்டத்தில்தான் இருக்கின்றன. ஒரு சமையல் குறிப்புக்குக் கீழே, தன் ஊரில் வேறு மாதிரி செய்வோம் என்று ஒருவர் நாலு பத்தி எழுதியிருப்பார். அப்படிப்பட்டவற்றைப் பதிவின் கீழே சிறிய எழுத்தில் ஒட்டிவையுங்கள். எழுதியது அவர்கள். உங்கள் சேமிப்பில் இருக்கலாம், புத்தகமாகப் போடுவதென்றால் அவர்களைக் கேட்க வேண்டும்.

1,500 பதிவு இருக்கிறது. தானாகச் செய்ய வழியே இல்லையா?

இருக்கிறது, கொஞ்சம் கணினி பழகியிருக்க வேண்டும். பாண்டாக் என்ற இலவச நிரல் வலைப்பக்கக் கோப்பை டாக்ஸ் கோப்பாக மாற்றித் தரும். தலைப்புகளைத் தலைப்பாகவே எடுத்துக்கொள்ளும், நெட் இருந்தால் படங்களையும் இழுத்து உள்ளே வைத்துவிடும். கறுப்புத் திரையில் கட்டளை எழுதி இயக்க வேண்டும். பிளாக்கரின் எக்ஸ்எம்எல் கோப்பை அது நேராக வாங்கிக்கொள்ளாது. முதலில் பதிவுகளைத் தனித்தனி வலைப்பக்கக் கோப்புகளாகப் பிரிக்க ஒரு சின்ன நிரல் வேண்டும். நிரல் எழுதத் தெரிந்த தம்பி, தங்கை யாராவது வீட்டில் இருந்தால் ஒரு மாலை வேலை.

யாரும் இல்லையா? ஒரு மாதப் பக்கத்தை ஒட்டி, தலைப்புப் போட்டு, தேதி எழுதி முடிக்க எனக்குக் கால் மணி நேரம் ஆகிறது. ஓர் ஆண்டுக்கு மூன்று மணி நேரம். பத்து ஆண்டுப் பதிவென்றால் பத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்கள். இடையில் பழைய பதிவைப் படித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் நேரத்தை நான் இதில் சேர்க்கவில்லை.

டாக் (doc), டாக்ஸ் (docx), ஓடிடி (odt): எந்த வடிவம்?

டாக்ஸ். 2007-க்கு முந்தைய டாக் வடிவத்தில் இருப்பவற்றைத் திறந்து டாக்ஸாகச் சேமித்துவிடுங்கள். லிப்ரே ஆபீஸ்காரர்கள் ஓடிடியில் வைத்தாலும் குறையில்லை. இரண்டும் ஐஎஸ்ஓ தரமாகப் பதிவான, வெளிப்படையான வடிவங்கள். இன்று வேர்டு இல்லாமல் போனாலும் நாளைக்கு யாராவது படிக்க நிரல் எழுதிக்கொள்ளலாம்.

கோப்பில் கண்ணுக்கு முன்னால் இருக்கும் சொல்லைத் தேடினால் இல்லை என்கிறதே!

‘கொ’ என்ற எழுத்தை யுனிகோடில் இரண்டு வழியில் உள்ளிடலாம். ‘க’வோடு ஒகரக் குறியை ஒன்றாகச் சேர்ப்பது ஒரு வழி, ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது இன்னொரு வழி. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடும் நிரலுக்குச் சில நேரம் வேறு வேறு. பழைய தட்டச்சு மென்பொருளிலும் மாற்றிகளிலும் வந்தவற்றில் இது கலந்திருக்கும். ‘ஸ்ரீ’யும் அப்படியே, அதற்கும் இரண்டு வழி உண்டு. ‘ஔ’வுக்குப் பதில் ஒகரமும் ளகரமும் தட்டியவர்கள் நம்மில் பாதிப் பேர். கோப்பில் உள்ள அந்தச் சொல்லையே காப்பி எடுத்துத் தேடும் பெட்டியில் ஒட்டித் தேடுங்கள், கிடைத்துவிடும்.

என் வலைப்பதிவு ஏற்கெனவே போய்விட்டது. ஏதாவது வழி உண்டா?

பழைய முகவரி நினைவிருந்தால் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் போட்டுப் பாருங்கள். 1996-லிருந்து வலைப்பக்கங்களைப் பிரதியெடுத்து வைக்கிறார்கள். சில சமயம் முகப்புப் பக்கம் மட்டும் இருக்கும், சில சமயம் உள்ளே சில பதிவுகளும் இருக்கும், படங்கள் பெரும்பாலும் இருக்காது. பதிவின் முழு முகவரி கையில் இருந்தால் நேரே அதையே தேடலாம். முகவரியைக் கோப்பில் எழுதச் சொன்னது இதற்காகத்தான். என்னுடையதில் பத்துப் பதினைந்து பதிவுகளை இப்படி மீட்டேன், தேதியோடு.

மின்னஞ்சலில் தேடுங்கள். பதிவுகளை மெயிலில் வாங்கிய நண்பர்கள் இருந்தால் அவர்கள் இன்பாக்ஸில் முழுப் பதிவும் தூங்கிக்கொண்டிருக்கும். எனக்கு இரண்டு பதிவுகள் சிங்கப்பூரில் இருக்கும் ஒரு நண்பரிடமிருந்து திரும்பி வந்தன. எட்டு வருடமாக அவர் மெயிலை அழிக்கவில்லை. அந்தச் சோம்பேறித்தனத்துக்கு நன்றி சொன்னேன்.

கோப்புகளை எங்கே வைப்பது?

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. கணினியில் ஒன்று, வெளி ஹார்டு டிஸ்கில் ஒன்று, கூகுள் டிரைவ் மாதிரி இடத்தில் ஒன்று என்றால் கணக்குச் சரியாகிவிடும். வலைப்பதிவு எந்தக் கணக்கில் இருக்கிறதோ அதே கணக்கின் டிரைவில் வைப்பது வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுகிற மாதிரி. வேறு கணக்கில் வையுங்கள். பென்டிரைவை நம்ப வேண்டாம், அது கொண்டுபோவதற்கு.

வேர்டில் எல்லாம் வந்துவிட்டது. இனி வலைப்பதிவை அழித்துவிடலாமா?

நான் அழித்த கதையைத்தான் மேலே படித்தீர்கள். இடத்துக்கு வாடகை இல்லை, இருந்துவிட்டுப் போகட்டும். அதைச் சுட்டி மற்றவர்கள் எழுதியிருப்பார்கள்.

இந்தக் கோப்பையே மின்னூலாக்க முடியுமா?

தலைப்புப் பாணி ஒழுங்காகப் போட்டிருந்தால் பாதி வேலை முடிந்தது. கிண்டிலில் 2016 டிசம்பரிலிருந்து தமிழ் நூல்கள் வருகின்றன, வேர்டு கோப்பையே ஏற்றலாம். இலவசமாகத் தர விருப்பமிருந்தால் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் 2013-லிருந்து, யாரும் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் நூல்களை வெளியிட்டு வருகிறது, அவற்றில் பல வலைப்பதிவுகளிலிருந்து தொகுத்தவை. எதுவானாலும் நடப்புச் செய்தியை ஒட்டி எழுதியவற்றைக் கொஞ்சம் கழித்துவிடுங்கள். 2009 தேர்தல் கூட்டணி பற்றிய நம் கணிப்பு இன்று நமக்கே புரியாது.

தாளிலும் அச்சிட்டு வைக்க வேண்டுமா?

எல்லாவற்றையும் வேண்டாம். படிக்க ஆள் இருந்தால் எடுங்கள்.

அப்பாவின் ஸ்பைரல் பிரதி இப்போது என்னிடம் இருக்கிறது. படமில்லாத கட்டங்களுக்குள் மின்கட்டணம், பால் கணக்கு எல்லாம் எழுதியிருக்கிறார். மற்றபடி பக்கத்துக்கு இரண்டு மூன்று இடத்தில் சிவப்புப் பேனா, எல்லாம் ஒற்றுப்பிழை. நான்கு இடத்தில் ‘வாழ்த்துக்கள்’ என்பதில் ‘க்’கை அடித்துவிட்டு ஓரத்தில் ‘வாழ்த்துகள்’ என்று எழுதியிருக்கிறார். அவற்றில் மூன்று நான் எழுதியவை அல்ல, பின்னூட்டத்தில் வந்தவை.